துணை விமானி வாய் திறந்த வரலாறு



மலாக்காவின் பத்து பிரண்டாம் விமான நிலையத்தில் விமானிகளுக்கான பயிற்சிக் கழகம் நெடுங்காலமாக இயங்கி வந்துள்ளதால், சிறிய பயிற்சி விமானங்கள் வானில் வட்டமிடுவது தஞ்சோங் கிளிங் வட்டாரப் பிள்ளைகளுக்குப் பழகிய காட்சி. ‘எனது இலட்சியம்’ என்று கட்டுரைத் தலைப்புக் கொடுத்தால், வகுப்புக்கு இரண்டு மூன்று பேராவது விமானி என்றோ விமானப் பொறியாளர் என்றோ எழுதிவிடுகின்றனர். அத்துறைக்குக் கணிதம் எவ்வளவு வேண்டும், அறிவியல் எவ்வளவு வேண்டும், ஆங்கிலம் எவ்வளவு வேண்டும் என்று பெற்றோரும் வினவுகின்றனர். நல்ல வினாக்களே. ஆயினும் இம்மூன்றிலும் அடங்காத ஒரு பாடமும் அங்கே உண்டு.

விமானப் பராமரிப்புப் பொறியாளர் உரிமம் பெற விழைவோர் பல தேர்வுத் தாள்களை எழுத வேண்டும். ஐரோப்பிய முறையைத் தழுவி மலேசியாவிலும் பின்பற்றப்படும் அப்பாடத்திட்டத்தில் கணிதம், இயற்பியல், மின்னியல் என்று வரிசையாக வந்து, ஒன்பதாவது பகுதியாக ‘மனிதக் காரணிகள்’ என்னும் பாடம் நிற்கின்றது. களைப்பு, மறதி, உடன் பணிபுரிவோரின் நெருக்குதல், ஒரு பணிமுறையினர் அடுத்த பணிமுறையினரிடம் வேலையை ஒப்படைக்கும் விதம், மூத்தவரிடம் ஐயத்தை எடுத்துரைக்கும் முறை ஆகியவையே அதன் பொருள். விமானிகளும் விமானப் பணிப்பெண்களும் இதே பொருளை வேறொரு பெயரில் கற்கின்றனர். இயந்திரத்தைப் பற்றிய படிப்பில் மனிதனுக்கு ஒரு தாள் எப்படி வந்தது? அந்த வரலாற்றின் இரண்டு பக்கங்கள் நமக்கு அருகிலேயே, சிலாங்கூரில் எழுதப்பட்டவை.

எல்மினா தோட்டம், 1977

1977ஆம் ஆண்டு செப்டம்பர் 27ஆம் நாள், தோக்கியோவிலிருந்து ஹாங்காங், கோலாலம்பூர் வழியாகச் சிங்கப்பூர் செல்லவிருந்த ஜப்பான் ஏர்லைன்ஸ் 715ஆம் எண் விமானம் சுபாங்கில் தரையிறங்க வந்தது. வானிலை சரியில்லை. ஓடுபாதை கண்ணுக்குத் தெரியாதவரை இறங்கக்கூடாத ஓர் உயர எல்லை உண்டு. தலைமை விமானி ஓடுபாதையைக் காணாமலேயே அவ்வெல்லைக்குக் கீழே இறங்கினார். சில மைல்களுக்கு அப்பால் இருந்த எல்மினா தோட்டத்தின் ரப்பர் மரங்களில் மோதி, குன்றின் சரிவில் விமானம் விழுந்தது. அதில் இருந்தவர் 79 பேர். 34 பேர் மாண்டனர். 45 பேர் பிழைத்தனர்.

எல்மினா என்னும் பெயர் நமக்குப் புதிதன்று. நம் நாட்டுத் தமிழ்ப்பள்ளிகளின் பட்டியலில் அத்தோட்டத்துப் பள்ளியின் பெயரும் உண்டு.

விபத்துக்கான முதன்மைக் காரணமாக விசாரணை குறிப்பிட்டது தலைமை விமானியின் செயலைத்தான். துணைக்காரணமாக மோசமான வானிலையைக் கூறியது. அத்துடன் இன்னொன்றையும் கூறியது: நிறுவனத்தின் விதியைத் தலைமை விமானி மீறியபோது துணை விமானி அதனைத் தட்டிக்கேட்கவில்லை. ஒருவர் செய்த தவற்றைப் போலவே இன்னொருவர் பேசாமல் இருந்ததும் ஒரு காரணமாக எழுதப்பட்டது. அந்த வரியை நாம் நின்று படிக்க வேண்டும்.

தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவர்களுக்கு இந்த மௌனத்தை விளக்க வேண்டியதில்லை. துரை, பெரிய கிராணி, சின்னக் கிராணி, மண்டோர், கங்காணி என்று படிப்படியாக இறங்கிய ஏணியில் கடைசிப் படியில் நின்றவர் பால்மரம் வெட்டியவர். துரையைக் கண்டால் மிதிவண்டியிலிருந்து இறங்கி நிற்க வேண்டும் என்பது பல தோட்டங்களில் எழுதாச் சட்டமாக இருந்தது. 1941இல் ஆர். எச். நாதன் முன்னின்ற கிள்ளான் வட்டாரத் தோட்டத் தொழிலாளர் வேலைநிறுத்தத்தில், கூலி உயர்வோடு சேர்த்து, மிதிவண்டியிலிருந்து இறங்கும் அவ்வழக்கத்தை ஒழிக்க வேண்டும் என்பதும் ஒரு கோரிக்கை. காசு கேட்ட அதே மூச்சில் மானத்தையும் கேட்டார்கள். அப்படிப்பட்ட ஏணியில் கீழே நிற்பவன், மேலே நிற்பவன் தவறு செய்வதைக் கண்டாலும் என்ன சொல்வான்? ‘நமக்கேன் வம்பு’ என்பான்.

எல்வின் எட்வர்ட்ஸ் என்னும் ஆங்கிலேய அறிஞர் விமானிகளின் அறையிலும் இதே ஏணி இருப்பதைக் கண்டு, 1970களில் அதற்கு ‘அதிகாரச் சரிவு’ என்று பெயரிட்டார். இருவருக்கு இடையிலான சரிவு மிகச் செங்குத்தாக இருந்தால் கீழிருப்பவரின் சொல் மேலே ஏறாது. சரிவே இல்லாவிட்டால் யார் முடிவெடுப்பது என்று தெரியாது. இரண்டுமே ஆபத்து. குடும்பத்திற்கும் வகுப்பறைக்கும்கூட இது பொருந்தும் என்று எனக்குத் தோன்றுகின்றது.

மாணவரும் ஆசிரியரும்

எல்மினாவுக்கு ஆறு திங்களுக்கு முன், 1977 மார்ச் 27இல், கானரித் தீவுகளில் ஒன்றாகிய தெனரீஃபில் இரண்டு ஜம்போ விமானங்கள் ஓடுபாதையிலேயே மோதி 583 பேர் மாண்டனர். விமான வரலாற்றின் மிகப் பெரிய விபத்து அதுவே. பனிமூட்டத்தில், அனுமதி கிடைக்குமுன்பே புறப்பட்டது கே.எல்.எம். நிறுவனத்தின் விமானம். அதன் தலைமை விமானி வான் சாந்தன், அந்நிறுவனத்தின் ஜம்போ விமானப் பயிற்சிக்குத் தலைவர். அருகில் அமர்ந்திருந்த துணை விமானியைச் சோதித்து, இவ்வகை விமானத்தை ஓட்டத் தகுதி வழங்கியவரும் அவரே. அதாவது, அங்கே அமர்ந்திருந்தவர்கள் ஓர் ஆசிரியரும் அவருடைய மாணவரும்.

தலைமை விமானி முதலில் விசையைத் தள்ளியபோது, இன்னும் அனுமதி வரவில்லை என்று துணை விமானி சொல்லத்தான் செய்தார். “தெரியும், கேள்” என்ற பொருள்பட விடை வந்தது. சிறிது நேரத்தில் இரண்டாம் முறை விமானம் நகரத் தொடங்கியபோது அவர் தடுக்கவில்லை. பின்னால் இருந்த பறத்தல் பொறியாளர் மட்டும், எதிரே உள்ள விமானம் ஓடுபாதையை விட்டு விலகிவிட்டதா என்று ஐயத்தோடு கேட்டார். விலகிவிட்டது என்று தலைமை விமானி அழுத்தமாகச் சொன்னார். அதற்குமேல் பேச்சில்லை.

ஒரு முறை சொல்லிச் சற்றுக் கடிந்த விடை பெற்ற மாணவன் மறுமுறை கை தூக்குவதில்லை. இதனை நாம் நாள்தோறும் காண்கிறோம் அன்றோ!

மறு ஆண்டு டிசம்பர் 28இல், அமெரிக்காவின் போர்ட்லண்ட் நகரில் யுனைடெட் நிறுவனத்தின் விமானம் ஒன்று சக்கரக் கோளாற்றை ஆராய்ந்தபடி ஏறத்தாழ ஒரு மணி நேரம் வட்டமிட்டு, எரிபொருள் தீர்ந்து விழுந்தது. பத்துப் பேர் மாண்டனர். எரிபொருள் குறைவதைப் பொறியாளர் அறிந்திருந்தார், சொல்லவும் செய்தார். தலைமை விமானியின் கவனத்தைத் திருப்பும் அளவுக்கு அழுத்திச் சொல்லவில்லை. தலைமை விமானிகளுக்குப் பிறரைக் கலந்து முடிவெடுக்கும் பயிற்சியும், மற்றவர்களுக்குத் துணிந்து எடுத்துரைக்கும் பயிற்சியும் வேண்டும் என்று அமெரிக்க விசாரணை வாரியம் பரிந்துரைத்தது. இருபக்கமும் பயிற்சி என்பதைக் கவனிக்க வேண்டும். ‘பிள்ளைகள் துணிந்து பேச வேண்டும்’ என்று பிள்ளைகளுக்கு மட்டும் அறிவுரை கூறிவிட்டுப் போகும் வழக்கம் நம்மிடம் உண்டு. அவ்வாரியம் அப்படிச் செய்யவில்லை.

1979இல் அமெரிக்க விண்வெளி நிறுவனமாகிய நாசா இதற்கென ஒரு பயிலரங்கு நடத்தியது. 1981இல் யுனைடெட் நிறுவனம் முறையான பயிற்சியைத் தொடங்கியது. முதலில் அது விமானிகளின் அறைக்கு மட்டும் உரியதாக இருந்தது. பின்னர் பணிப்பெண்களையும் சேர்த்துக்கொண்டு ‘குழுவள மேலாண்மை’ ஆயிற்று. தொடக்கத்தில் பல மூத்த விமானிகள் அதனை எள்ளி நகையாடினர். அவர்களின் வாயை அடைத்தது 1989 ஜூலை 19இல் நடந்த நிகழ்ச்சி. விமானத்தைத் திருப்புவதற்கான நீர்ம அழுத்த அமைப்புகள் அனைத்தும் செயலிழந்த யுனைடெட் 232ஆம் விமானத்தைத் தலைமை விமானி ஆல் ஹெய்ன்ஸ், தம் குழுவினரோடு, பயணியாக வந்திருந்த ஒரு பயிற்சி விமானியையும் அழைத்துக்கொண்டு, இயந்திரங்களின் விசையை மட்டும் கூட்டிக் குறைத்துச் சூ நகரம் வரை கொண்டுசென்றார். 296 பேரில் 184 பேர் பிழைத்தனர். தனி ஒருவருக்கு எல்லாம் தெரியும் என்னும் பழைய எண்ணத்தோடு இருந்திருந்தால் ஒருவர்கூடப் பிழைத்திருக்க முடியாது என்னும் கருத்தில் அவர் பின்னர் பல மேடைகளில் பேசினார்.

பூச்சோங், 1989: ஒரு சொல்லின் விலை

மொழி கற்பிக்கும் நமக்கு மிக நெருக்கமான பக்கம் இதுதான்.

1989 பிப்ரவரி 19ஆம் நாள் காலை, ஃபிளையிங் டைகர் நிறுவனத்தின் ஜம்போ சரக்கு விமானம் சிங்கப்பூரிலிருந்து சுபாங்கிற்கு வந்துகொண்டிருந்தது. 2,400 அடிக்கு இறங்குமாறு கட்டுப்பாட்டாளர் பணித்தார். ஆங்கிலத்தில் அவர் சொன்னது, “டிசெண்ட் டூ ஃபோர் ஸீரோ ஸீரோ.” அந்த ‘டூ’ இரண்டு என்னும் எண். தலைமை விமானியின் காதிலோ அது வேற்றுமை உருபாக விழுந்தது. நம் தமிழில் சொன்னால் ‘கு’ உருபு. இரண்டு நான்கு பூச்சியம் பூச்சியம் என்பது ‘நானூறுக்கு’ என்று ஆகிவிட்டது. “சரி, நான்கு பூச்சியம் பூச்சியம்” என்று விமானி திருப்பிச் சொன்னார். அத்தவறு கட்டுப்பாட்டுப் பக்கத்தில் பிடிபடவில்லை. தரை நெருங்குகிறது என்று விமானத்தின் எச்சரிக்கைக் கருவி ஒலித்தும் குழுவினர் மேலெழும்பவில்லை. பூச்சோங்கிற்கு அருகில் குன்றில் மோதி, குழுவினர் நால்வரும் மாண்டனர்.

எழுத்தில் வெவ்வேறாகவும் ஒலிப்பில் ஒன்றாகவும் உள்ள இரு சொற்கள்! லகர ளகர ழகர வேறுபாட்டை வலியுறுத்தும்போது ‘பொருள் புரிந்தால் போதாதா?’ என்று கேட்பவர்களுக்கு நான் இந்நிகழ்ச்சியைச் சொல்வதுண்டு. ‘இரண்டாயிரத்து நானூறு அடி’ என்று முழுமையாகச் சொல்லியிருந்தால் குழப்பத்திற்கு இடமே இல்லை. வானொலியில் எண்களுக்கு என்று தனி ஒலிப்பே வகுக்கப்பட்டுள்ளது. ஒன்பதை ‘நைனர்’ என்பர். மூன்றை ‘ட்ரீ’ என்பர். ஐந்தை ‘ஃபைஃப்’ என்பர். ஆங்கில இலக்கணம் அறிந்தவர்களுக்குச் சிரிப்பு வரும். இரைச்சலிடையே ஒன்றை மற்றொன்றாகக் கேட்டுவிடக் கூடாது என்பதற்கே இந்த ஏற்பாடு. தெனரீஃபிற்குப் பிறகு, ‘புறப்பாடு’ என்னும் பொருளுடைய ஆங்கிலச் சொல்லையே, மெய்யாகப் புறப்பட அனுமதி அளிக்கும்போதும் அதனை நீக்கும்போதும் தவிர வேறெங்கும் பயன்படுத்தலாகாது என்று விதித்துவிட்டனர்.

1996 நவம்பர் 12இல் இந்தியாவின் சர்க்கி தாத்ரி அருகே சவூதி விமானமும் கசகஸ்தான் விமானமும் நடுவானில் மோதி 349 பேர் மாண்டனர். கட்டுப்பாட்டாளரின் கட்டளையைச் சரியாக விளங்கிக்கொள்ளாமையும் அங்கே பேசப்பட்டது. பன்னாட்டு வான்போக்குவரத்து நிறுவனம் விமானிகளுக்கும் கட்டுப்பாட்டாளர்களுக்கும் ஆறு நிலைகள் கொண்ட மொழித்தகுதியை வகுத்து, குறைந்தது நான்காம் நிலை வேண்டும் என்று விதித்ததற்கு இத்தகைய விபத்துகளே பின்னணி. அவ்விதி 2008 மார்ச்சில் நடைமுறைக்கு வந்தது. ஒலிப்பு, இலக்கணம், சொல்வளம், சரளம், விளங்கிக்கொள்ளுதல், உரையாடும் திறன் ஆகிய ஆறையும் அதில் சோதிக்கின்றனர். மொழிப்பாடத் தேர்வு எழுதுகிற விமானி!

கண்டும் சொல்லாதவர்கள்

பூச்சோங் விபத்து நடந்து மூன்று வாரங்களுக்குள், 1989 மார்ச் 10இல், கனடாவின் ட்ரைடனில் ஒரு விமானம் இறக்கைகளில் பனி படிந்த நிலையில் புறப்பட்டு விழுந்தது. 24 பேர் மாண்டனர். இறக்கையில் பனி இருந்ததைப் பணிப்பெண் கண்டார். பயணிகளாக அமர்ந்திருந்த வேறு விமானிகளும் கண்டனர். எவரும் முன்னே சென்று சொல்லவில்லை. விமானிகளுக்குத் தெரியாமலா இருக்கும், நாம் சொன்னால் மதிப்பார்களா என்னும் தயக்கமே காரணம்.

அதற்கு அடுத்த ஆண்டு, 1990 ஜூன் 10இல், பிரிட்டனில் நடந்தது இன்னும் வியப்பானது. 17,000 அடி உயரத்தில் விமானியின் முன்கண்ணாடி பெயர்ந்து பறந்தது. தலைமை விமானியின் உடல் பாதி வெளியே இழுக்கப்பட்டது. பணியாளர்கள் அவருடைய கால்களைப் பற்றிக்கொண்டிருக்க, துணை விமானி விமானத்தைப் பத்திரமாக இறக்கினார். அனைவரும் பிழைத்தனர். முந்தைய நாள் அக்கண்ணாடியைப் பொருத்திய 90 திருகாணிகளில் 84 திருகாணிகள் விட்டத்தில் ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவான அளவு சிறியவை என்று விசாரணையில் தெரிந்தது. பொருத்தியவர் அனுபவம் மிக்க பொறுப்பாளர். ஆள் குறைந்த இரவுப் பணியில், பழைய திருகாணியோடு கண்ணால் ஒப்பிட்டே புதியவற்றைத் தேர்ந்தெடுத்தார். எந்த அளவு வேண்டும் என்பதைக் கிடங்குப் பொறுப்பாளர் சரியாகவே சொல்லியிருந்தார். ஆனால் எதிரில் நின்றவர் மூத்தவர், ஆகவே வற்புறுத்தவில்லை.

பராமரிப்புப் பொறியாளர்களுக்கும் இப்பாடம் வேண்டும் என்னும் எண்ணம் வலுப்பெற்றது இக்காலத்தில்தான். 1993இல் கனடாவின் கோர்டன் டுபாண்ட், பணியில் தவறு நேரக் காரணமாகும் பன்னிரண்டு நிலைகளைத் தொகுத்தார். களைப்பு, கவனச் சிதறல், மன அழுத்தம், தகவல் பரிமாற்றக் குறை ஆகியவை அவற்றுள் சில. எடுத்துரைக்கும் துணிவின்மையும் அவற்றுள் ஒன்று. உலகெங்கும் விமானக் கொட்டகைகளின் சுவர்களில் இப்பன்னிரண்டும் சுவரொட்டிகளாகத் தொங்கின.

மங்களூர், 2010

பயிற்சி வந்துவிட்டது; இனி மௌனம் இல்லை என்று எண்ணினால் அது பிழை. 2010 மே 22இல் துபாயிலிருந்து வந்த ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ் 812ஆம் விமானம் மங்களூரின் மேட்டுநில ஓடுபாதையைத் தாண்டிப் பள்ளத்தில் விழுந்தது. 166 பேரில் எண்மர் மட்டுமே பிழைத்தனர். ஒலிப்பதிவுக் கருவியில் முதல் ஒரு மணி நாற்பது நிமிடங்களுக்கு விமானிகளிடையே உரையாடலே இல்லை. குறட்டை ஒலி கேட்டது. தலைமை விமானி நெடுநேரம் உறங்கி, விழித்த மயக்கம் தெளியாமலேயே இறங்கத் தலைப்பட்டார். உயரம் மிகுதி, வேகம் மிகுதி. மீண்டும் மேலெழும்புமாறு துணை விமானி ஒருமுறைக்கு மேல் கூறினார். தலைமை விமானி செவிமடுக்கவில்லை. ஏறத்தாழ 8,000 அடி ஓடுபாதையில் 5,200 அடி கடந்த பின்னரே சக்கரம் தரையைத் தொட்டது.

எல்மினாவின் துணை விமானி பேசவில்லை. மங்களூரின் துணை விமானி பேசினார். எனினும் முடிவு மாறவில்லை. பயிற்சியின் இரண்டாம் பாதியாகிய கேட்கும் பயிற்சி எவ்வளவு கடினமானது என்பதற்கு இதைவிடத் துயரமான சான்று வேண்டுமா? சொல் பயன்படாதபோது கட்டுப்பாட்டைத் தம் கையில் எடுத்துக்கொள்வதும் துணை விமானியின் கடமையே என்று பயிற்சி நூல்கள் கூறுகின்றன. தம்மைவிடப் பன்மடங்கு அனுபவம் உள்ளவரின் கையைத் தட்டிவிடுவது ஏட்டில் எழுதுவதைப் போல் எளிதன்று.

மரியாதையின் மேல் பழி

கொரிய நாட்டு விமானங்கள் 1997இல் குவாமிலும் 1999இல் லண்டனுக்கு அருகிலும் விபத்துக்குள்ளானபின், கொரிய மொழியின் மரியாதைச் சொற்களும் மூத்தோர்க்குப் பணியும் பண்பாடுமே காரணம் என்று பலர் எழுதினர். ஆசிய நாட்டவராகிய நம்மீதும் அந்தப் பழி மறைமுகமாக விழுகின்றது. அதனை நான் முழுமையாக ஏற்பதற்கில்லை. தெனரீஃபில் பேசத் தயங்கியவர்கள் டச்சுக்காரர்கள். போர்ட்லண்டில் அழுத்திச் சொல்லாதவர்கள் அமெரிக்கர்கள். ட்ரைடனில் வாய் மூடி இருந்தவர்கள் கனடியர்கள். அவர்கள் மொழியில் ‘நீங்கள்’, ‘நீ’ என்னும் வேறுபாடு பெரிதாக இருந்ததா என்ன? மௌனம் பதவியின் அடியில் பிறப்பது.

மேலும், மூத்தோரை இடித்துரைப்பது நம் மரபுக்கு அயலானதும் அன்று. திருக்குறளில் ‘பெரியாரைத் துணைக்கோடல்’ என்னும் அதிகாரம், இடித்துச் சொல்வாரைத் தன்பால் வைத்துக்கொள்ளாத மன்னனின் கேட்டைப் பேசுகின்றது. அங்கும் பொறுப்பு இருபக்கத்தது. சொல்பவன் துணிய வேண்டும். மன்னன் அவனைத் தேடி வைத்துக்கொள்ள வேண்டும். மரியாதையை விடாமலேயே எச்சரிக்க முடியும் என்பதற்கு விமானப் பயிற்சியில் ஒரு படிவரிசை உண்டு. முதலில் வினாவாகக் கேட்பது: “ஐயா, நம் உயரம் சரிதானா?” அடுத்து, கவலையைச் சொல்வது: “ஐயா, நாம் எல்லைக்குக் கீழே இறங்குகிறோம்.” அதன்பின் வழியைச் சொல்வது: “ஐயா, உடனே மேலெழும்ப வேண்டும்.” கடைசியில் செயலில் இறங்குவது. முதல் மூன்றிலும் ‘ஐயா’ இருக்கின்றது. மூன்றாம் படியிலும் தயக்கம் மட்டும் இல்லை. இவ்வாக்கியங்களை விமானிகள் உரக்கச் சொல்லிப் பழகுகின்றனர். நெருக்கடியில் புதிய வாக்கியத்தை எவராலும் உருவாக்க முடியாது. பழகியது மட்டுமே நாவில் வரும்.

எல்மினாவின் பெயர் 2023 ஆகஸ்ட் 17இல் மீண்டும் செய்தியில் வந்தது. தோட்டம் இருந்த இடத்தில் இப்போது நகரம். லங்காவியிலிருந்து சுபாங்கிற்கு வந்த சிறிய தனியார் விமானம் அங்கே நெடுஞ்சாலையில் விழுந்து, விமானத்தில் இருந்த எண்மரும் சாலையில் சென்ற இருவரும் உயிரிழந்தனர். தரையிறங்குமுன் செய்யும் சரிபார்ப்பின்போது, தரையைத் தொட்ட பிறகே விரிக்க வேண்டிய இறக்கைத் தடுப்புகள் தவறுதலாக வானிலேயே விரிக்கப்பட்டன என்று விசாரணையின் இறுதி அறிக்கை கூறியது. நாற்பத்தாறு ஆண்டுகள் கழித்தும் அறிக்கையின் நடுவில் நின்றது மனிதக் கைதான்.

ஆசிரியர்களுக்கு ஒரு கருத்து. சொல்வதெழுதுதலிலும் மனக்கணக்கிலும், நாம் சொன்ன எண்ணை மாணவர் ஒருவர் உரக்கத் திருப்பிச் சொன்ன பிறகே மற்றவர் எழுத வேண்டும் என்று ஒரு வாரம் நடத்திப் பார்க்கலாம். இடையில் ஒருமுறை, கரும்பலகையில் எழுதியதற்கு மாறான எண்ணை வேண்டுமென்றே வாயால் சொல்ல வேண்டும். யார் கை தூக்குகிறார் என்று பார்க்க வேண்டும். பெரும்பாலும் எவரும் தூக்கமாட்டார். ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்வர். மறுநாளும் அதையே செய்ய வேண்டும். மூன்றாம் நாளோ நான்காம் நாளோ கடைசி வரிசையிலிருந்து ஒரு குரல், “ஐயா, பலகையில் வேறு எண் இருக்கிறதே” என்று வரும். அக்குரலுக்கு நாம் அப்போது தரும் விடையை வகுப்பு முழுவதும் உற்றுக் கேட்டுக்கொண்டிருக்கும்.